ஜெயில் உடைத்தவனை டெக்ஸாஸ் போருக்கு அனுப்பும் முன்

கைதிகள் இரண்டு மூன்று பேர் சிறையை உடைத்துக்கொண்டு ஓடுவார்கள். எல்லைப்புறத்தில் ஒரு விடுதலைப் போர் மூண்டிருக்கும். தலைமறைவாகப் போனவர்கள் கடைசியில் துவக்கும் கையுமாக அந்தப் போரில் நிற்பார்கள். கௌபாய் கதைகளில் தேய்ந்த தடம்தான், ஆனாலும் அலுக்காது. லயத்துக் காம்பராவில் பழைய சித்திரக்கதைகளைக் கைமாற்றிப் படித்து வளர்ந்த நம்மவர்கள் எழுதவோ குறும்படம் எடுக்கவோ உட்கார்ந்தால் பலருக்கும் முதலில் தோன்றுவது இந்தக் கருதான். கதை கவிழ்வதும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: எந்தப் போர், எந்த வருடம் என்று முடிவுசெய்யாமலே ஆளைக் குதிரையில் ஏற்றிவிடுகிறார்கள். வருடம் தெரிந்தால்தான் துவக்கு தெரியும். துவக்கு தெரிந்தால்தான் சண்டைக்காட்சி எழுதலாம்.

இந்தக் கருவுக்கென்றே அமைந்தது போல ஒரு போர் இருக்கிறது. மெக்சிக்கோவிடமிருந்து டெக்ஸாஸ் பிரிந்த போர். 1835 ஒக்டோபர் 2 அன்று கொன்சாலஸ் ஊரில் ஒரு சிறிய பீரங்கிக்காகத் தொடங்கியது. 1836 ஏப்ரல் 21 அன்று சான் ஜசிந்தோவில் தீர்ந்தது. மொத்தம் ஏழு மாதம்கூட இல்லை. அந்த நாளில் அமெரிக்காவின் சட்டம் சபைன் ஆற்றோடு நின்றுவிடும். ஆற்றைக் கடந்தவன் மெக்சிக்கோவில் இருக்கிறான், பின்னால் வந்த ஷெரிப் கரையில் நிற்கவேண்டியதுதான். தந்தி வந்தது 1844இல். புகைப்படமோ 1839க்கு முன்னர் உலகத்துக்கே அறிமுகமாகவில்லை. ஆகவே முகம் அச்சடித்த 'தேடப்படுகிறான்' சுவரொட்டியைத் தயவுசெய்து ஒட்டாதீர்கள். உயரம், முடியின் நிறம், தழும்பு என்று நாலு வரி பத்திரிகை விளம்பரம்தான் அன்றைய வலை. அதில் பெரிய பெரிய ஓட்டைகள்.

தலைவர்களே என்ன யோக்கியம்? வில்லியம் டிராவிஸ் கடன் தொல்லையில் 1831இல் அலபாமாவை விட்டு, கர்ப்பிணி மனைவியையும் மகனையும் அங்கேயே விட்டு வந்தவர். ஜேம்ஸ் போவி கள்ளத்தனமாக அடிமைகளைக் கடத்தி விற்றவர், ஆர்கன்சாவில் போலிக் காணி உறுதிகளில் கைவைத்தவர். டெக்ஸாஸ் படையின் தலைமைத் தளபதி சாம் ஹூஸ்டன் 1832இல் ஓர் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரை வோஷிங்டன் தெருவில் கைத்தடியால் வெளுத்து வாங்கி, 500 டொலர் தண்டம் விதிக்கப்பட்டு, அந்த வருடம் முடியுமுன் டெக்ஸாஸில் கால் வைத்தவர். சான் அந்தோனியோவின் அலமோ கோட்டைத் தளபதியாக எல்லோரும் வணங்குகிற அதே டிராவிஸ், 1832இல் அனாகுவாக் என்ற இடத்தில் மெக்சிக்கோ இராணுவத்திடம் அகப்பட்டு, ஒரு செங்கல் சூளைக்குள் அடைக்கப்பட்டுக் கிடந்தவர். இப்படிப்பட்ட படையில் உங்கள் கைதி சேரும்போது 'நீ யார், எங்கிருந்து வந்தாய்' என்று குறுக்குவிசாரணை வைத்தால் அந்தக் காட்சி பொய். அங்கே யாரும் யாரிடமும் அதைக் கேட்பதில்லை.

முதலில் சிறை. டெக்ஸாஸ் சிறையிலிருந்து தப்பினான் என்று எழுதாதீர்கள். ஹன்ட்ஸ்வில் சிறைக்கு முதல் கைதி வந்ததே 1849இல். 1835இல் பெரிய சிறை வேண்டுமென்றால் டென்னசி மாநிலத்து நாஷ்வில் இருக்கிறது: 1831இல் திறந்தது, 200 சிற்றறைகள், இரவில் தனியறை, பகலில் கூட்டாக வேலை, பேச்சுக்குத் தடை. தப்பிப்பதற்கான திட்டத்தைக் கைதிகள் வாயசைத்துப் பேசமுடியாது என்பதே நல்ல நாடகம். சிறிய ஊர்களில் இருந்தவை மரக்கட்டை அடுக்கிய சிறைகள். அவற்றை உடைப்பது பெரிய சூரத்தனமில்லை. கைதி ஓடாமல் இருந்தது சுவரால் என்பதைவிடக் காலில் கிடந்த இரும்பால்.

அந்த இரும்பைக் கழற்றுகிற காட்சியில்தான் பாதிப்பேர் தோற்கிறார்கள். சங்கிலியைக் கல்லில் வைத்துக் கைத்துப்பாக்கியால் சுட்டால் அது அறாது. ஈயக் குண்டு மெத்தென்ற உலோகம். நசுங்கும், அல்லது திரும்பிச் சுட்டவன் மேலேயே சிதறும். கணுக்கால் வளையத்தைப் பூட்டுப் போட்டு மாட்டியதைவிட, கொல்லன் கையால் ஆணியடித்துத் தலையைத் தட்டிப் பரப்பியதே ஓடக்கூடியவனுக்குப் போட்டது. அதைக் கழற்ற மூன்று சாமான் வேண்டும்: வெட்டுளி, கனமான சுத்தியல், அடியில் வைக்கப் பட்டறைக் கல் அல்லது அதற்கு நிகரான இரும்பு. வளையத்தின் ஆணித்தலை மேலே பார்க்கும்படி காலைத் திருப்பி, வளையத்தை இரும்பின் மேல் இறுக்கி வைத்து, ஆணித்தலையின் அடியில் உளியைச் சரித்து வைத்து அடிக்கவேண்டும். தலை பறந்ததும் ஒரு மொட்டை ஆணியால் மிச்சத்தைத் தட்டி வெளியே தள்ளலாம். அடியில் இரும்பு இல்லாமல் மண்ணில் வைத்து அடித்தால் ஒவ்வொரு அடியும் எலும்புக்குத்தான் போகும். தன் காலை ஒருவன் தானே இப்படி வெட்டிக்கொள்ள வாகு கிடையாது. அதனால்தான் இரண்டு கைதிகள் தேவைப்படுகிறார்கள். ஒருவரையொருவர் நம்பவேண்டிய கட்டாயம் அங்கே பிறக்கிறது. அரம் மட்டும் இருந்தால் ஆணியை ராவி முடிக்க மணிக்கணக்காகும், அந்தச் சத்தம் வெகுதூரத்துக்குக் கேட்கும். கழற்றிய பிறகும் கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்த தழும்பு நிற்கும். சட்டையை மாற்றலாம், தழும்பை மாற்றமுடியாது. கதைக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.

வழி. லூசியானாவின் நாக்கிடோஷ் ஊரிலிருந்து மேற்கே நாக்கடோச்சஸ் ஏறக்குறைய 100 மைல். அங்கிருந்து சான் அந்தோனியோவுக்கு 300 மைலுக்கு மேல். பழைய இராஜபாதை ஒன்றுதான் தடம். நல்ல குதிரையும் புல்லும் இருந்தால் ஒரு நாளைக்கு 30 மைல், நடைக்கு 15 முதல் 20. குதிரை நாள் முழுக்கப் பாய்ந்து ஓடாது. அப்படி ஓட்டினால் மறுநாள் நடந்துதான் போகவேண்டும். 1836 வசந்தத்தில் ஓயாத மழை, ஆறுகள் எல்லாம் கரைபுரண்டு கிடந்தன. அட்டன் சந்தையில் காலை வாங்கி மாலை சமைப்பது போன்ற சாப்பாடு இல்லை: சோளமா, உப்பிட்ட பன்றி, வழியில் சுட்ட மான்.

இதில் யாரும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது. கைதிகள் மெக்சிக்கோ பக்கத்திலும் இருந்தார்கள், அதுவும் சட்டப்படி. 1830 ஏப்ரல் 6ஆம் திகதிச் சட்டம் அமெரிக்கக் குடியேற்றத்துக்குக் கதவடைத்தது. கூடவே தண்டனை பெற்றவர்களை டெக்ஸாஸுக்குச் சிப்பாய்களாகவும் கூலிகளாகவும் அனுப்ப வழிவைத்தது. அனாகுவாக் கோட்டைக் காவலில் இப்படிக் கொண்டுவரப்பட்ட கைதிச் சிப்பாய்கள் இருந்தார்கள், குடியேறிகளுக்கும் அவர்களுக்கும் உரசல் வந்தது. 1836இல் மெக்சிக்கோத் தளபதி சாந்த அன்னா வடக்கே கொண்டுவந்த படையிலும் பிடித்து இழுத்துச் சேர்க்கப்பட்டவர்கள் ஏராளம். யுகத்தானிலிருந்து வந்த மாயா இனத்தவர்கள் பெப்ரவரிப் பனியில் விறைத்துச் செத்தார்கள். வெப்பநாட்டு உடுப்போடு அவர்களை நடத்திக் கூட்டிவந்திருந்தார்கள். தப்பிவந்த அமெரிக்கக் கைதி ஒருபுறம், தப்பமுடியாத மெக்சிக்கோக் கைதி மறுபுறம், நடுவில் ஒரு ஆறு. இந்தக் கதையை ஏன் யாரும் எழுதுவதில்லை என்று தெரியவில்லை.

படையில் சேருவதென்றால் பிரமாணமும் காணியும். 1836 ஜனவரியில் நாக்கடோச்சஸில் கையெழுத்திட்ட முன்னாள் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் டேவிட் குரொக்கெட், எதிர்கால அரசுக்கும் விசுவாசமாயிருப்பேன் என்ற வரியில் 'குடியரசு' என்ற சொல்லைச் சேர்க்கவைத்துத்தான் ஒப்பமிட்டார். கைதிக்கு அப்படிப்பட்ட மனக்குழப்பம் இருக்காது. அவனை இழுப்பது வேறு: மூன்று மாதச் சேவைக்கு 320 ஏக்கர், உச்சம் 1,280 ஏக்கர். சான் ஜசிந்தோவில் நின்றவர்களுக்கு மேலதிகமாக 640 ஏக்கர். இருநூறு வருடம் மலையில் உழைத்தும் வீட்டுக்கு ஒரு துண்டுக் காணி கேட்டு நிற்கிற நமக்கு இந்த எண்கள் கொஞ்சம் உறுத்தும். ஆனால் அந்தக் காணி சும்மா கிடந்த காணியுமல்ல, கொமாஞ்சிகளும் மற்றவர்களும் நடமாடிய மண். இதை எழுதுபவர் மறைக்கக்கூடாது.

கைதிக்குக் கிடைப்பது நிலமல்ல, கடதாசி. பெயர்ப்பட்டியலில் உள்ள பெயருக்குத்தான் அது. பொய்ப்பெயரில் சேர்ந்தவனுக்குக் கடதாசியும் பொய்ப்பெயரில் வரும், ஆயுள் முழுக்க அந்தப் பெயரில்தான் வாழவேண்டும். அவனுடன் தப்பிவந்தவனுக்கு மட்டும் உண்மைப் பெயர் தெரியும். பிறகென்ன, இரண்டாம் பாகம் தானாக எழுதிக்கொள்ளும். அநேகர் அந்தக் கடதாசியைக் காணித் தரகர்களிடம் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள் என்பதும் வரலாறு.

இனித் துவக்கு. இடுப்பில் ரிவோல்வர் கிடையாது. கோல்ட் தன் சுழல்துப்பாக்கிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1836 பெப்ரவரி 25, அலமோ முற்றுகையின் மூன்றாம் நாள். அது தொழிற்சாலையை விட்டு வருமுன் போர் முடிந்துவிட்டது. வின்செஸ்டர் ரைபிள் 1866, ஆறுகுண்டு பீஸ்மேக்கர் 1873. அகலமான கௌபாய் தொப்பி 1865, முள்ளுக்கம்பி 1874, மாட்டுமந்தை ஓட்டிப்போகும் பெரும் பயணங்கள் 1866க்குப் பின். இவை எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது உயரத் தொப்பி, நீளக் கோட், மான்தோல் சட்டை. பார்ப்பவர்களுக்குக் கௌபாய் படம் மாதிரியே இருக்காது. இருக்கட்டும்.

டெக்ஸாஸ்காரன் கையில் இருந்தது வேட்டைக்கான நீளக்குழல் ரைபிள். நிரப்பும் முறை: கொம்பிலிருந்து அளவுக்குப்பியில் மருந்து, சுமார் நாலரை கிராம். அதைக் குழல் வாயில் கொட்டவேண்டும். கொழுப்புத் தடவிய துணித்துண்டை வாயில் விரித்து, அதன்மேல் ரவையை வைத்துக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். கம்பியால் அடிவரை, மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல், இறக்க வேண்டும். பக்கத்துக் கிண்ணியில் சிட்டிகை மருந்து, மூடி, துவக்கின் குதிரையை (கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தியலை) முழுக்க இழுத்து, குறி. பழகிய கை நிதானமாகச் செய்ய அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். மெக்சிக்கோ சிப்பாயின் பிரித்தானியப் பழைய மஸ்கட், கடதாசித் தோட்டாவைப் பல்லால் கிழித்து நிரப்பப்பட்டு, பயிற்சி பெற்றவன் கையில் நிமிடத்துக்கு மூன்று தரம் வெடிக்கும். ஆனால் 100 யார் (கஜம்) தூரத்துக்கு மேல் அதை நம்பமுடியாது. ரைபிள் 200 யாரில் ஆளை வீழ்த்தும். தூரத்தில் ரைபிள்காரன் ராஜா, கிட்டவந்தால் அவன் செத்தான். ரைபிளில் துவக்குக்கத்தி மாட்ட வழியில்லை, ஆகவே கடைசியில் அதைத் தலைகீழாய்ப் பிடித்துத் தடியாக அடிப்பார்கள்.

பிழைகள் நடக்கும் இடங்கள் இவை. கம்பியைக் குழலிலிருந்து எடுக்க மறந்து சுட்டால் கம்பியும் பறந்துவிடும், பிறகு நிரப்ப வழியில்லை. ரவை பாதியில் சிக்கி மருந்துக்கும் அதற்கும் இடையில் காற்று நின்றால் குழல் வெடிக்கும். பொறி எழுப்பும் சக்கிமுக்கிக் கல் இருபது முப்பது அடியில் மழுங்கும். பத்துப் பன்னிரண்டு வெடிக்குப் பின் கரி படிந்து ரவை இறங்கச் சண்டித்தனம் பண்ணும், எச்சிலோ தண்ணீரோ விட்டுத் துடைக்கவேண்டும். கிண்ணி மருந்து மட்டும் 'புஸ்' என்று எரிந்து உள்ளே பிடிக்காமல் போவதும் உண்டு. ஈரம்தான் பெரிய எதிரி. நுவரெலியாவில் காலை எட்டு மணிப் புகாரில் இந்தத் துவக்கை அரை மணி நேரம் திறந்து பிடித்தாலே கிண்ணி மருந்து கூழாகிவிடும். கொழுப்புத் தோய்த்த தோலால் பூட்டை மூடிக்கட்டிக்கொண்டு நடந்தார்கள். மெக்சிக்கோ மருந்தில் கரி அதிகம், வலு குறைவு; பிடிபட்ட மருந்தை டெக்ஸாஸ்காரர்களே மதிக்கவில்லை. நல்ல மருந்துக் கணக்கு வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10.

எந்தச் சண்டையில் இறக்குவது? அலமோவில் போட்டால் உங்கள் ஆட்கள் எல்லோரும் சாகவேண்டும். மெக்சிக்கோப் படையின் முற்றுகை பெப்ரவரி 23 முதல் மார்ச் 6 வரை 13 நாள். வெளியிலிருந்து 32 பேர் உள்ளே புகுந்தது மார்ச் 1 அதிகாலை, உங்கள் ஆட்களை அவர்களோடு நுழைக்கலாம். கோலியாட் இன்னும் பொருத்தம், ஏனென்றால் அது மறுபடியும் சிறை. பெனின் என்ற டெக்ஸாஸ் தளபதி திறந்த வெளியில், தண்ணீர் இல்லாத இடத்தில், மாடுகளை மேய்க்க நின்று சுற்றிவளைக்கப்பட்டார். பீரங்கிக் குழலைத் துடைத்துக் குளிரவைக்கத் தண்ணீர் வேண்டும். அது இல்லாமல் பீரங்கிகள் சும்மா நின்றன. மார்ச் 20 சரணடைந்தார்கள், மார்ச் 27 முன்னூறுக்கும் மேற்பட்டவர்களை வெளியே நடத்திச் சென்று சுட்டார்கள். முப்பதுக்கும் குறைவானவர்கள் புகை மறைவில் ஆற்றுப் பக்கம் ஓடித் தப்பினார்கள். ஒரு தடவை சிறை உடைத்தவனுக்கு அந்த ஓட்டம் கைவந்த கலை.

சான் ஜசிந்தோவில் முடிப்பது வியாபாரத்துக்கு நல்லது. பிற்பகல் நாலரை மணி, மெக்சிக்கோ முகாம் தூங்குகிறது, காவல் ஒழுங்காயில்லை, நடுவில் ஒரு மேடும் ஆளுயரப் புல்லும். ஏறக்குறைய 900 டெக்ஸாஸ்காரர், எதிரே 1,200க்கு மேல். சின்சினாட்டி மக்கள் அன்பளித்த இரண்டு ஆறு இறாத்தல் பீரங்கிகளுக்குக் குண்டு போதாமல் உடைந்த லாடமும் இரும்புத் துண்டுமாக நிரப்பினார்கள். 18 நிமிடத்தில் சண்டை முடிந்தது. கொலை அதற்குப் பிறகும் நெடுநேரம் நடந்தது. சதுப்பு நீரில் இறங்கிக் கையைத் தூக்கியவர்களையும் சுட்டார்கள். அறுநூறுக்கு மேல் பிணம், வென்ற பக்கம் ஒன்பது. இங்கே உங்கள் கைதி என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் யார் என்று தெரியும். வெற்றிக் கூச்சலோடு திரை விழுந்தால் எழுதினவர் பாதி வரலாற்றை விழுங்கிவிட்டார்.

இன்னொரு பாதியையும் விழுங்கக்கூடாது. மெக்சிக்கோ 1829இல் அடிமைமுறையை ஒழித்தது, டெக்ஸாஸ் விலக்குக் கேட்டு வாங்கியது. 1836இல் எழுதிய குடியரசின் அரசியலமைப்பு அடிமைமுறையைச் சட்டமாக்கியது. அலமோவில் உயிர்தப்பியவர்களில் ஒருவர் ஜோ, டிராவிஸின் அடிமை. சிறை உடைத்த வெள்ளையனுக்கு அந்த விடுதலை காணி கொடுத்தது. ஜோவுக்கு விலங்கைத் திருப்பிக் கொடுத்தது. ஓடிப்போகும் கறுப்பின அடிமை தெற்கே, மெக்சிக்கோப் பக்கம்தான் ஓடுவார். நம் கைதிகளுக்கு எதிர்த் திசையில் ஒருவர் ஓடிவந்தால் கதைக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

இதை நம் மலையில் படமெடுக்க நினைப்பவர்களுக்கு: சான் ஜசிந்தோ தட்டை நிலம், சேறு, பாசி தொங்கும் ஓக் மரம். பண்டாரவளைப் பத்தனைப் புல்மேடு அழகுதான், ஆனால் அந்த ஊர் இல்லை. கிரகரி வாவிக்கரைச் சவாரிக் குதிரைகள் மட்டக் குதிரைகள், வெடிச்சத்தத்துக்குப் பழகாதவை. அவற்றின் பக்கத்தில் பட்டாசு கொளுத்தாதீர்கள். மருந்துப் புகைக்குப் பதிலாகக் கோதுமை மாவைத் தூவி நெருப்புக் காட்டவும் வேண்டாம், மாத்தூள் காற்றில் தீப்பிடிக்கும்.

டெக்ஸாஸ்தான் வேண்டுமென்றில்லாவிட்டால் மாத்தளை இருக்கிறது. 1848. துவக்குக்கு வரி இரண்டரை ஷில்லிங், நாய்க்கு வரி ஒரு ஷில்லிங், தெருப் போட ஆறு நாள் வேலை அல்லது மூன்று ஷில்லிங். கண்டிக்காரர்கள் கிளர்ந்தார்கள். முன்னணியில் நின்ற புரன் அப்பு கண்டிக்காரர் அல்ல, மொரட்டுவைக் கரையோரத்தவர். அரசாங்கம் முந்திய வருடமே தலைக்கு 10 பவுண் விலை வைத்துத் தேடிய ஆள், முதுகில் கசையடித் தழும்பு என்று விளம்பரம் அடையாளம் சொன்னது. ஜூலை 26 கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் முடிசூடினார். ஜூலை 28 மாத்தளை தாக்கப்பட்டது, கச்சேரியின் வரிப் புத்தகங்கள் அழிந்தன, கோப்பித் தோட்டங்களும் தப்பவில்லை. மறுநாள் இராணுவச் சட்டம். ஆகஸ்ட் 8 கண்டியில் புரன் அப்புவைச் சுட்டார்கள். பண்டாவுக்குத் தூக்குக்குப் பதில் கசையடியும் மலாக்காவுக்கு நாடுகடத்தலும்.

மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம்மவர்கள் வந்ததும் அதே பாதைதான். கிளர்ச்சிக்காரன், கோப்பித் தோட்டத்துத் துரை, பாதையில் நடந்து வரும் தமிழ்க் கூலி மூவரையும் ஒரே தெருவில் நிறுத்தலாம், யாரையும் கடல் கடத்திக் கொண்டுவரத் தேவையில்லை. துவக்கு நிரப்பும் முறையும் மேலே சொன்னதுதான். குழல்வாயில் மருந்து போட்டுக் கம்பியால் இடிப்பதில் மாற்றமில்லை. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 8 வரை பன்னிரண்டு நாள், மாத்தளையிலிருந்து கண்டி நடைதூரம், குதிரைச் செலவும் மிச்சம்.